வாங்கிய நிரலும் வாங்கியவர் உரிமையும்

சிவகாசியை அடுத்த விஸ்வநத்தத்தில் எம் வகுப்புத் தோழர் ஒருவரின் தந்தையார் சிறிய அச்சகம் ஒன்று நடத்தி வருகின்றார். சென்ற விடுமுறையில் யாம் அங்குச் சென்றிருந்தபோது, பட்டாசுப் பெட்டிகளுக்குரிய லேபிள்கள் அச்சேறிக்கொண்டிருந்தன. ஒரு மூலையில் பழைய கணினி. ஒரு வேலைக்கு எத்தனை தாள் வேண்டும், எவ்வளவு கழிவு போகும், என்ன கூலி ஆகும் என்று கணக்கிட்டுச் சொல்லும் நிரல் ஒன்று அதில் இருந்தது. அந்நிரல் சொல்வதைப் பெரியவர் பார்ப்பதும், உடனே ஒரு துண்டுச் சீட்டில் பென்சிலால் வேறு கணக்குப் போடுவதுமாக இருந்தார். காரணம் வினவினோம். நிரலை விலைக்கு வாங்கிப் பல ஆண்டுகள் ஆயின. பின்னர் அவர் பெரிய இயந்திரம் ஒன்று வாங்கினார். நிரலோ பழைய இயந்திரத்தின் தாளளவையன்றி வேறறியாது. விற்றவரும் தொழிலை விட்டுவிட்டார். “காசு கொடுத்து வாங்கியதுதான், தம்பி. ஆனால் அதில் கை வைத்தால் சட்டம் பிடிக்கும் என்கிறார்களே, மெய்தானா?” என்று கேட்டார். அக்கேள்விக்கு விடை தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஈயவெழுத்துக் காலத்தில் இவ்வையம் எழுந்திராது. 1978-ஆம் ஆண்டில் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, ணை, லை முதலிய எழுத்துக்கள் பழைய வடிவம் நீங்கிப் புதுவடிவம் பெற்றன. அச்சகத்தார் பழைய அச்சுக்களை உருக்கவோ ஒதுக்கவோ, கேஸில் இருந்த ஐகாரக் குறியையே சேர்த்துக் கோக்கவோ, எழுத்து வார்த்தவரிடம் இசைவு கேட்க வேண்டியிருந்ததில்லை. எழுத்து அவர்தம் பொருள், அவ்வளவே.

நிரலின் இயல்பு வேறு. நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984-இல் திருத்தப்பெற்றபோது, கணினி நிரல் இலக்கியப் படைப்புக்களுள் ஒன்றாக வைக்கப்பெற்றது. (தமிழ் பயிலும் எமக்கு இது சற்றே நகை விளைத்தது என்பதை மறைப்பானேன்!) ஆதலின் அதனைப் படியெடுத்தலும் மாற்றியமைத்தலும் உரிமையாளர்க்கே உரியனவாயின. மற்றொரு புறம், வட்டில் பதித்துக் கடையில் விற்கப்படும் நிரல் விற்பனை வரிக்குரிய சரக்கே என்று உச்சநீதிமன்றம் 2004-இல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் தீர்ப்பளித்தது. சரக்கு என்று வரி வாங்கிக்கொண்டு, வாங்கியவர் தொட்டால் மட்டும் இலக்கியம் என்பது எவ்வாறு பொருந்தும்?

இம்முடிச்சை அவிழ்ப்பது அச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு. நிரலின் படியொன்றை முறைப்படி கைக்கொண்டவர், அஃது எந்நோக்கத்திற்காக அளிக்கப்பட்டதோ அந்நோக்கத்திற்குப் பயன்படுத்தும்பொருட்டு, அதனைப் படியெடுத்தலும் மாற்றியமைத்தலும் உரிமை மீறல் ஆகா என்று அது கூறுகின்றது.

இங்கே ‘முறைப்படி கைக்கொண்டவர்’ என்னும் சொல்லை ஊன்றி நோக்குக. அமெரிக்கச் சட்டம் 1980-இல் இத்தகைய உரிமையைப் படியின் ‘உடைமையாளர்’க்கே அளித்தது. உடனே விற்பவர் பலர், “இது விற்கப்படவில்லை, பயன்படுத்த இசைவு மட்டுமே தரப்படுகிறது” என்று உறைமேல் எழுதலாயினர். 2010-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று அவ்வெழுத்தை ஏற்று, வாங்கியவர் உடைமையாளர் அல்லர் என்றது. ஆயினும் 2005-இல் டைட்டில்சர்வ் என்னும் நிறுவனத்தின் வழக்கில் காற்று வேறு பக்கம் வீசிற்று. நிரல் எழுதியவர் அதனைப் பூட்டிவிட்டுப் பிரிந்து சென்றார். பொருள் கொடுத்து எழுதுவித்த நிறுவனம் பூட்டைத் திறந்து, பிழை திருத்தி, புதிய பயன்களையும் சேர்த்தது. அது தகும் என்றே நீதிமன்றம் கூறிற்று. நம் சட்டமோ உடைமையைக் கேளாமல் முறையான கைக்கோளையே கேட்பதால், உறைமேல் எழுதும் அத்தந்திரம் இங்கு அவ்வளவு எளிதிற் பலியாது என்பது எம் கருத்து.

நிற்க. இவ்வுரிமைக்கு எல்லை உண்டு. திருத்திய நிரலை அடுத்த அச்சகத்தார்க்கு விற்றல் ஆகாது. “மாற்றேன்” என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நிலை யாதெனின், இப்பிரிவு அதுபற்றி வாய் திறக்கவில்லை. வழக்கறிஞர்க்கு அங்கே வேலை உண்டு. பூட்டுடைத்தலைப் பற்றி 2012-இல் சேர்க்கப்பெற்ற 65அ பிரிவு, உரிமையை மீறும் எண்ணத்துடன் உடைப்பவர்க்கே ஈராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கின்றது. சட்டம் விலக்காத செயலுக்காகத் திறப்பவரை அது பற்றாது.

இவையனைத்தையும் பெரியவரிடம் கூறினோம். அவருடைய தங்கை மகன், கணினி பயில்பவர், மறுநாளே வந்து அமர்ந்தார். தாளளவுகள் தனிக்கோப்பு ஒன்றில் படிக்கத்தக்க எழுத்திலேயே இருந்தன, புதிய அளவைச் சேர்த்தார், நிரல் ஏற்றுக்கொண்டது. கழிவைக் கணக்கிடும் பகுதியோ இயந்திரக் குறிகளாக மட்டுமே இருந்தது. அதன் மூலநிரல் விற்றவரோடு போய்விட்டது. அதனைத் தந்தே தீரவேண்டும் என்று 52-ஆம் பிரிவு யாரையும் பணிக்கவில்லை. யாம் விடைபெற்றபோது தாள்கணக்கைக் கணினி சரியாகச் சொல்லிற்று. கழிவுக்கணக்கைப் பெரியவர் இன்னும் பென்சிலால் போட்டுக்கொண்டிருந்தார்.