கத்தினாலும் பயன் இல்லை! கடலுக்கு அடியில் எதிரொலித் தொல்லை

குற்றாலம் பேரருவிக் கூட்டத்தில் குழந்தை சற்று விலகிப் போய்விட்டது. தாய் கூப்பிடுகிறாள். அருவி இரைச்சலில் காதில் விழவில்லை. இன்னும் உரக்கக் கத்துகிறாள். குழந்தை திரும்பிப் பார்க்கிறது!

குளித்து முடித்து, தென்காசி காசிவிசுவநாதர் கோவிலுக்கு வருகிறார்கள். கல் மண்டபத்தில் தாய் கூப்பிட்டால், தூணிலும் சுவரிலும் பட்டு அவள் குரலே திரும்பி வருகிறது. இங்கே உரக்கக் கத்தினால் முழக்கம்தான் கூடும்.

ஆழம் குறைந்த கடலில் நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுகிறவர்களுக்கும் இந்த மண்டபத் தொல்லைதான்!

போர்க்கப்பலில் "சோனார்" என்ற கருவி உண்டு. அது தண்ணீருக்குள் "பிங்" என்று ஒலி எழுப்பும். ஒலி நீர்மூழ்கியில் பட்டுத் திரும்பும். தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி 4 வினாடியில் வந்தால், போக 2, வர 2. நீர்மூழ்கி 3 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது!

ஆழ்கடலில் இந்தக் கணக்கு எளிது. கரையோரத்தில் அப்படி அல்ல. சேறு கொஞ்சம் ஒலியை விழுங்கிவிடும். பாறையும் மணல் மேடும் சிப்பிக் குவியலும் திருப்பி அனுப்பும். மேலே அலைகளும் சும்மா இருப்பதில்லை. இத்தனை எதிரொலிகளுக்குள் நீர்மூழ்கியின் எதிரொலி ஒளிந்துகொள்கிறது. ஒலியைக் கூட்டினால் எல்லாமே சேர்ந்து கூடுகின்றன.

1971 டிசம்பர் 9. குஜராத் கரையை அடுத்த டையூ அருகே, பாகிஸ்தான் நீர்மூழ்கியைத் தேடிச் சென்றது நமது "குக்ரி" போர்க்கப்பல். ஆனால் நீர்மூழ்கி "ஹங்கோர்" முந்திக்கொண்டது. அதன் குண்டு பாய்ந்து குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு அகலவில்லை. அந்தத் தோல்விக்குக் காரணங்கள் பல. ஆனாலும், கடலடியில் ஒலியால் தேடுவது எத்தனை கடினம் என்பதை 194 குடும்பங்கள் அறிந்தன.

இப்போது கரையோரத்துக்கென்றே தனிக் கப்பல்கள் வந்துவிட்டன. சென்னை அருகே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்ட "அர்னாலா", 2025 ஜூன் 18-ல் கடற்படையில் சேர்ந்தது. இத்தகைய கப்பல்களுக்காக "அபய்" என்ற சோனாரை உருவாக்கியது, குற்றால மலைக்கு அப்பால் கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வுக்கூடம்.

முழக்கத்துக்குள் நீர்மூழ்கியைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. தென்காசி ஸ்டேஷனில் நின்று கேளுங்கள். நெருங்கி வரும் ரெயிலின் ஊதல் கீச்சென்று இருக்கும். கடந்து போனதும் தணியும். அதுபோல, நகரும் நீர்மூழ்கியின் எதிரொலியிலும் சுருதி மாறும். பாறை நகராது, அதன் சுருதியும் மாறாது. சோனார் பிரித்துக் காட்டிவிடும்.

நீர்மூழ்கியின் கேப்டன் மட்டும் ஏமாளியா, என்ன? எஞ்சினை நிறுத்திவிட்டு, மணல் தரையில் சத்தமின்றிப் படுத்துக்கொள்வார். அப்போது நீர்மூழ்கியும் இன்னொரு பாறைதான்!