அந்த 643 பேரில் ஒருவர்!

எங்கள் வீட்டு ஹாலில் காமராஜர் படம் ஒன்று உண்டு. தாத்தா மாட்டியது. தினமும் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைப்பார். வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை. 1975 அக்டோபர் 2-ம் தேதி காமராஜர் காலமானபோது, பெற்ற அப்பனுக்குப் போடுவதுபோல் மொட்டை போட்டுக்கொண்டவர் அவர். ("சொந்த அப்பாவுக்குக்கூட அப்படி அழலைடா மனுஷன்" என்பார் என் அப்பா.)

தாத்தா விருதுநகர்க்காரர். பலசரக்குக் கடையில் கணக்குப்பிள்ளை.

2011-ல் எனக்கு முதல் ஓட்டு. விரலில் மையோடு வீட்டுக்கு வந்தவன், சும்மா இருக்காமல் தாத்தாவின் வாயைக் கிளறினேன்.

"தாத்தா, ஒரு தடவையாவது கட்சி மாத்திப் போட்டிருக்கீங்களா?"

வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கை நின்றது. அப்பா பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலை இறக்கினார்.

"ஒரே தடவை. அறுபத்தேழுல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின்னே? 1967-ல்தான் சொந்த ஊரான விருதுநகரிலேயே காமராஜர் தோற்றார்! ஜெயித்தவர் தி.மு.க. வேட்பாளர், மாணவர் தலைவர் பெ.சீனிவாசன். வித்தியாசம் வெறும் 1,285 ஓட்டு.

பி.காம். படித்த பாவம், மண்டைக்குள் கணக்கு தானாக ஓடியது. சூரியனில் குத்தியவர்களில் 643 பேர் மட்டும் மனசு மாறி இரட்டைக் காளையில் குத்தியிருந்தால் முடிவு தலைகீழ்!

"அந்த 643 பேர்ல நீங்களும் ஒருத்தரா?"

"ஆமாய்யா."

"ஏன் தாத்தா?"

"அரிசி. கடைக் கணக்கு எழுதுறவன் வீட்டுலயே அரிசி இல்லே. உங்க அப்பனுக்கு அப்ப ஒம்பது வயசு. கோதுமைக் கஞ்சிய வச்சா மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். ஐயா மேல எனக்குக் கோவமே கிடையாது. ஐயா எப்படியும் ஜெயிச்சிருவாரு, கட்சிக்கு மட்டும் தலையில ஒரு குட்டு வைப்போம்னு நெனச்சேன். ஊர்ல பாதிப் பேரு அதையே நெனச்சிருக்கான்!"

சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. ஆனால், ஓட்டுகள் ஏன் இடம் மாறுகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை அதற்குப் பிறகு நான் கேட்டதில்லை.

அந்தத் தேர்தலில் தமிழ்நாடே காங்கிரசுக்கு எதிராகத் திரும்பிவிட்டது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். புள்ளிவிவரம் வேறு கதை சொல்கிறது. 1962-ல் காங்கிரஸ் வாங்கியது 46 சதவீத ஓட்டு. 1967-ல் 41 சதவீதம். நூற்றுக்கு ஐந்துதான் குறைந்தது! தி.மு.க.வும் ஏறக்குறைய அதே 41-தான். ஆனால் தி.மு.க.வுக்கு 137 இடம், காங்கிரசுக்கு 51. எப்படி? ராஜாஜியின் சுதந்திராக் கட்சியிலிருந்து மார்க்சிஸ்ட் வரை எதிர் ஓட்டையெல்லாம் அண்ணா ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். ஆக, ஜனங்கள் கொஞ்சம்தான் மாறினார்கள். கூட்டணி நிறைய மாறியது.

இன்னொரு விஷயமும் உண்டு. மாறியது ஓட்டர் மனசு மட்டுமில்லை, ஓட்டரே மாறிவிட்டார்! அப்போது ஓட்டுரிமை வயது 21. 1967-ல் முதல் ஓட்டுப் போட்ட பையன் 1946-ஐ ஒட்டிப் பிறந்தவன். அவனுக்குக் காங்கிரஸ் என்றால் வெள்ளைக்காரன் ஜெயிலுக்குப் போன கட்சி இல்லை. ஆட்சியில் இருக்கிற கட்சி. அவன் கண்ணால் பார்த்தது 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தையும் அரிசிக் கடை க்யூவையும்தான். அப்பாவின் நன்றிக்கடனை மகன் எதற்குச் சுமக்க வேண்டும்?

சரி, என் அப்பா என்ன செய்தார்? அவர் இன்னும் மோசம்! 1980 ஜனவரியில் முதல் ஓட்டு, இந்திரா காந்திக்கு. அந்த மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ்-தி.மு.க. கூட்டணி 39-ல் 37 இடத்தை அள்ளியது. அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல். அ.தி.மு.க. 129 இடத்தோடு திரும்பி வந்தது. அப்பாவின் ஓட்டும் எம்.ஜி.ஆருக்கு.

"அஞ்சு மாசத்துல தாவிட்டீங்களேப்பா?" என்றேன்.

"தாவல் என்னடா தாவல்! அது டெல்லிக்கு, இது மெட்ராஸுக்கு. ஒரே கடையிலயா சட்டையும் செருப்பும் வாங்குற?"

பதில் சொல்ல முடியவில்லை. 2019-லும் அதேதான் நடந்தது. மக்களவையில் 39-க்கு ஒன்றே ஒன்று, தேனி மட்டும் பெற்ற அ.தி.மு.க., 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் ஒன்பதை ஜெயித்து ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. அதில் 18 தொகுதிகளில் இரண்டு தேர்தலும் ஒரே நாள்! அப்பாவின் சட்டை-செருப்புத் தத்துவம் ஐந்து மாதத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு வந்துவிட்டது.

அப்படியானால் கட்சி விசுவாசம் என்பதே பொய்யா? இல்லை. 1991-ல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தி.மு.க. ஜெயித்தது இரண்டே இடம். ஆனாலும் 22 சதவீதம் பேர் அதற்கே போட்டிருக்கிறார்கள். 1996-ல் ஜெயலலிதாவே பர்கூரில் தோற்றார், அ.தி.மு.க.வுக்கு நான்கே இடம். அப்போதும் 21 சதவீதம் பேர் இலையை விடவில்லை. ஊரே எதிராக நிற்கும்போதும் அசையாத இவர்கள்தான் கட்சியின் ஃபிக்சட் டெபாசிட்! மீதிப் பேர் கரன்ட் அக்கவுன்ட். எப்போது வேண்டுமானாலும் எடுப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் போடுவார்கள். ஆட்சியை மாற்றுவது இரண்டாவது கணக்குதான்.

இதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. விசுவாசம் கழன்ற இடம் காலியாகவே இருக்காது. அங்கே நியாயமும் வந்து உட்காரலாம், கவரும் வந்து உட்காரலாம். 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப்பட்டுவாடா விவகாரத்தால்தான் ரத்தாகி, பிறகு நடந்தன. அரிசிக்காக ஓட்டை மாற்றிய தாத்தா, அதற்காகக் கால் ரூபாய் வாங்கவில்லை. ஆட்சியிடம் அதிருப்தி என்று மாற்றினார். கவர் வாங்கி மாற்றுகிறவன் எந்த ஆட்சியிடம் போய்க் கணக்குக் கேட்பான்? கட்சி மாறுவது தப்பில்லை சார்... காரணத்தைப் பிள்ளையிடம் சொல்லக் கூசுகிற மாதிரி மாறுவதுதான் தப்பு.

இந்த வசனத்தைத் தாத்தாவிடமும் அன்றைக்கு விட்டேன். "நீங்க நியாயமான காரணத்துக்காகத்தானே மாத்திப் போட்டீங்க, அப்புறம் ஏன் தாத்தா குரலை இறக்கிச் சொல்றீங்க?"

தாத்தா வெற்றிலையை மென்று முடிக்கும் வரை பேசவில்லை.

"காரணம் நியாயந்தான்யா. ஆனா ஐயாவோட அம்மா அப்ப ஊர்லதான் இருந்தாக. தினமும் அந்த வீட்டு வழியாத்தான் கடைக்குப் போவேன். ரிசல்ட் வந்த பொறவு அந்தத் தெருவுல கால் வைக்க முடியல. ஆறு மாசம் ஊரைச் சுத்தித்தான் கடைக்குப் போனேன்."

அந்த மொட்டைக்கு இன்னொரு அர்த்தம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

தாத்தா இப்போது இல்லை. அப்பா அவர் படத்தைக் காமராஜர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறார். 'கடைசி வரைக்கும் காளை மாட்டை விடாத மனுஷன்' என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிக்கிறார். நான் வாயைத் திறப்பதில்லை.

ஒரே பயம்தான். அப்பாவுக்கு இந்தப் பத்திரிகை என்றால் உயிர். அட்டையிலிருந்து அட்டை வரை படிப்பார். இந்த வாரம் மட்டும் கடைக்காரரிடம் 'ஸ்டாக் தீர்ந்துபோச்சு'ன்னு சொல்லச் சொல்லியிருக்கிறேன்!