உங்களுக்குத் தெரியுமா? பாறையைப் பிளப்பதும் அதுதான், நெஞ்சு வலிக்கு மருந்தும் அதுதான்!

டைனமைட்டில் இருக்கும் நைட்ரோகிளிசரின்தான் இதய நோயாளிகள் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையிலும் இருக்கிறது. அளவு அரை மில்லிகிராம்தான். வெடிக்காது, பயம் வேண்டாம். நம்மூர் மருந்துக்கடைகளில் கிடைக்கும் சார்பிட்ரேட்டும் இதே நைட்ரேட் குடும்பம்.

• டைனமைட்டைக் கண்டுபிடித்த ஆல்ஃபிரட் நோபலுக்கே 1896-ல் டாக்டர்கள் நைட்ரோகிளிசரினைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

• அந்தக்கால வெடிமருந்து ஆலைத் தொழிலாளர்களுக்குத் திங்கட்கிழமை வந்தால் மண்டையிடி. வாரமெல்லாம் நைட்ரேட்டுக்குப் பழகிய உடம்பு, ஞாயிறு லீவில் அதை மறந்துவிடும். பழகிவிட்டால் மருந்தும் வேலை செய்யாது. தினமும் நைட்ரேட் எடுப்பவர்களுக்கு டாக்டர் சில மணி நேர இடைவெளி வைப்பது இதனால்தான்.

• 2020 ஆகஸ்டில் சென்னை மணலியிலிருந்து லாரி லாரியாக வெளியேறிய சுமார் 700 டன் அமோனியம் நைட்ரேட்? பெயரில் நைட்ரேட் இருந்தாலும் அது வேறு சரக்கு, மருந்தல்ல!

• வயாகரா வகை மாத்திரை போட்டவர்கள் நைட்ரேட்டைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும்.

நெஞ்சு வலி மாத்திரையை உட்கார்ந்துகொண்டு நாக்குக்கு அடியில் வையுங்கள், நின்றால் தலைசுற்றும். 5 நிமிடத்தில் வலி அடங்கவில்லையா? உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது.