கடலோரத்தில் கரன்ட் தயாரிக்கும் ஆபீஸ்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் ஆசையாகக் கற்றுக்கொள்ளும் விஷயம் ‘அன்டூ’. தப்பாக எதையாவது அழித்துவிட்டாலும் ஒரே கிளிக்கில் பழைய நிலைக்குப் போய்விடலாம். என்னைப் போல சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கும் இதுதான் தைரியம். பிழை இருந்தால் அடுத்த வெர்ஷனில் சரி செய்துகொள்ளலாம். ஆனால் கட்டடத்துக்கு அன்டூ கிடையாது. கூரையைத் தப்பான பக்கம் சாய்த்து கான்கிரீட் போட்டுவிட்டால், ஆயுசுக்கும் அதோடுதான் குடித்தனம்!

அப்படியானால் கட்டடம் கட்டுபவர்கள் என்ன செய்கிறார்கள்? கட்டுவதற்கு முன்பே கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். இதற்கு நல்ல உதாரணம், நார்வே நாட்டின் ட்ரான்ட்ஹைம் துறைமுகத்தில் 2019-ல் திறக்கப்பட்ட ‘பவர்ஹவுஸ் பிராட்டோர்காயா’ என்ற ஆபீஸ் கட்டடம். வடிவமைத்தது, எகிப்தின் அலெக்சாண்டிரியா நூலகத்தை வடிவமைத்த அதே ஸ்னோஹெட்டா நிறுவனம்.

கடினமான நிபந்தனை

கட்டடத்தின் பரப்பளவு சுமார் 18,000 சதுர மீட்டர். வடிவமைப்பாளர்கள் முன் வைக்கப்பட்ட நிபந்தனை என்ன தெரியுமா? கட்டுமானப் பொருட்களைத் தயாரிக்க, கட்ட, தினமும் இயக்க, கடைசியில் இடிக்க என்று ஆகும் மொத்த எனர்ஜியை விட, கட்டடம் தன் ஆயுளில் அதிக எனர்ஜியைத் தயாரித்துத் தர வேண்டும்.

இடமோ சிக்கலானது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் ரயில்வே ஸ்டேஷன். இஷ்டத்துக்கு அகலமாகப் பரப்பிக் கட்ட முடியாது. போதாக்குறைக்கு அது வடதுருவ வட்டத்துக்கு அருகில் உள்ள ஊர். குளிர்காலத்தில் சூரியன் தலை காட்டுவதே நாலரை மணி நேரம்தான்.

எக்ஸெலில் பார்க்கலாமா?

அங்கே சூரியன் எவ்வளவு உயரத்தில் வரும் என்று உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிடலாம். எக்ஸெலைத் திறந்துகொள்ளுங்கள். அது இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம். முதல் கட்டத்தில் ட்ரான்ட்ஹைமின் அட்சரேகையான 63.4 என்று டைப் செய்யுங்கள். பக்கத்துக் கட்டத்தில், 90-லிருந்து அந்த எண்ணையும் 23.4-ஐயும் கழிக்கும்படி ஃபார்முலா கொடுத்து என்டர் தட்டுங்கள். (23.4 என்பது பூமி சாய்ந்திருக்கும் கோணம்.)

விடை 3.2 டிகிரி. டிசம்பர் 21 வாக்கில், நடுப்பகலில்கூட சூரியன் அவ்வளவு உயரம்தான் வரும். கையை நேராக நீட்டினால் இரண்டு விரல் அகலம்! ஃபார்முலாவில் 23.4-ஐக் கழிப்பதற்குப் பதில் கூட்டினால் ஜூன் மாதக் கணக்கு வரும். அது 50 டிகிரி.

இப்போது முதல் கட்டத்தில் சென்னைக்காக 13.1 என்று மாற்றிப் பாருங்கள். நம் டிசம்பர் சூரியன் 53.5 டிகிரியில் நிற்கும். அதாவது அவர்களுடைய கோடைச் சூரியனை விட நம்முடைய மார்கழிச் சூரியன் உயரம்!

கூரை ஏன் கோணலாக இருக்கிறது?

தாழ்வான சூரியனுக்குத் தட்டையான மொட்டை மாடி சரிப்படாது. வெயில் அதன் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால்தான் இந்தக் கட்டடத்தின் ஐங்கோணக் கூரை முழுவதுமே சூரியனை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. கூரையிலும் சுவரின் மேல்பகுதியிலுமாகக் கிட்டத்தட்ட 3,000 சதுர மீட்டர் சோலார் பேனல்கள். கூரை நடுவில் வட்டமாக ஒரு பெரிய திறப்பு விட்டிருக்கிறார்கள். அவ்வளவு பேனல் இடம் போனாலும், உள்ளே இருக்கும் அறைகளுக்குப் பகல் வெளிச்சம் கிடைக்கிறது. கடலைப் பார்த்த பக்கம்தான் கட்டடத்தின் மிக ஒல்லியான முகம். அதனால் பக்கத்துக் கட்டடங்களுக்கு நடுவே இது பூதமாகத் தெரிவதில்லை.

கடலே ஹீட்சிங்க்

உங்கள் கம்ப்யூட்டரில் பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்க் வாங்கி வெளியே தள்ளுகிறது அல்லவா? இங்கே அந்த வேலையைச் செய்வது கடல். கோடையில் கடல் நீரின் குளிர்ச்சி கட்டடத்துக்குப் பயன்படுகிறது. குளிர்காலத்தில் அதே நீரில் இருக்கும் கொஞ்ச வெப்பத்தை ஹீட் பம்ப் இழுத்து உள்ளே தருகிறது. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் உள்ளே இருக்கும் சூட்டைப் பின்பக்கம் தள்ளுகிறதே, அதே தத்துவம்தான். தொல்லை என்று நினைத்த கடலே துணையாகிவிட்டது.

விளக்குகளும் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து மெதுவாகக் கூடிக் குறைகின்றன. இதே அளவுள்ள சாதாரண ஆபீஸோடு ஒப்பிட்டால் விளக்குச் செலவு பாதிதான்.

மொத்தத்தில் வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் யூனிட் உற்பத்தி ஆகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். 200 வாட்ஸ் இழுக்கும் கம்ப்யூட்டர்கள் 850-ஐ வருடம் முழுக்கத் தினமும் 8 மணி நேரம் ஓட்ட இது போதும். கட்டடத்தின் தேவை போக மீதி, பக்கத்துக் கட்டடங்களுக்கும் எலெக்ட்ரிக் பஸ், கார், படகுகளுக்கும் போகிறது. ஒன்றை மறந்துவிடாதீர்கள். இது வருடக் கணக்கு. இருண்ட டிசம்பரில் கரன்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். கோடையில் அதைச் சேர்த்துத் திருப்பித் தந்துவிடுகிறார்கள்.

கவனித்தீர்களா? பேனலை மாட்டியதால் மட்டும் இது நடக்கவில்லை. முதலில் செலவைக் குறைத்தார்கள், பிறகு கூரையைச் சாய்த்தார்கள், அதன் பிறகுதான் உற்பத்தி. நீங்களோ உங்கள் உறவினரோ வீடு கட்டப் போகிறீர்களா? எக்ஸெலில் உங்கள் ஊர் எண்ணைப் போட்டு, எந்த மாதம் வெயில் எவ்வளவு சாய்ந்து வருகிறது, எந்த ஜன்னல் வழியாக உள்ளே வரும் என்று ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள். அன்டூ வசதி இருக்கும்போதே தப்பெல்லாம் செய்து முடித்துவிடுவது நல்லது!