குளியலறையில் ஒரு கன்னியா

திருகோணமலைக்குச் செல்வோர் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்தே திரும்புவர். தாயின் அந்தியேட்டிக் கிரியைகளுக்காக இராவணன் தன் வாளால் நிலத்தைக் குத்தியபோது பிறந்த ஊற்றுகள் அவை என்பது ஐதிகம். அங்கே தண்ணீரைச் சூடாக்குபவளும், அந்த ஊற்றைப் பராமரிப்பவளும் பூமித்தாயே. ஆனால் நகரத்து வீடுகளிலே குளியலறைச் சுவரில் நாம் தொங்கவிட்டிருக்கும் கன்னியாவுக்கு, அதாவது மின்சாரக் கீசருக்கு, நாமே பொறுப்பாளிகள்.

கிராண்ட்பாஸில் நாம் வசிக்கும் மாடிவீட்டிலும் அத்தகைய 50 லீற்றர் கீசர் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எம்முடன் தங்கியிருக்கும் பெரியம்மாவின் முழங்கால் வாதத்துக்காக அதனை வாங்கினோம். காலைதோறும் அவர் அதன் கீழே முக்காலியிட்டு அமர்ந்து வெந்நீர் வார்ப்பது வழக்கம்.

ஒருநாள் கீசரின் அடியிலுள்ள சிறு வால்விலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது. "அந்தத் துவாரத்தை அடைத்துவிடுங்கள், காரியம் முடிந்தது" என்றார் அறிமுகமான ஒருவர். செலவில்லாத யோசனை! நாமும் ஒரு மரமுளையைச் செதுக்கி இறுக்கினோம். சொட்டு நின்றது. பெருமிதமும் பிறந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உயர்தர வகுப்பில் பௌதிகம் படிக்கும் மருமகன் வீட்டுக்கு வந்தான். முளையைக் கண்டவன் திகைத்து, "மாமா, தண்ணீர் சூடேறினால் விரியுமே! விரிந்த தண்ணீர் எங்கே போகும்?" என்று கேட்டான். இருபது ஆண்டுகளாக மாணவரைக் கேள்வி கேட்டே பழகிய எமக்கு விடை வரவில்லை. உடனே மின்சாரத்தை நிறுத்தி, கீசர் நன்றாக ஆறும்வரை காத்திருந்து, முளையைப் பிடுங்கினோம். அந்த வாரம் முழுவதும் பெரியம்மா அதன் கீழேயே அமர்ந்து குளித்திருந்தார் என்பதை எண்ணியபோது உடல் நடுங்கியது.

கணக்கு எளிது. 28 பாகை செல்சியசில் உள்ள 50 லீற்றர் தண்ணீரை 60 பாகைக்குச் சூடாக்கினால், அதன் கனவளவு அரை லீற்றருக்கு மேல் கூடும். வந்த வழியே திரும்பவொட்டாமல் ஒருவழி வால்வு தடுத்து நிற்பதால், மிகுதித் தண்ணீர் காப்பு வால்வின் வழியாகவே வெளியேற வேண்டும். ஆகவே சூடேறும் வேளையில் சிறிது சொட்டுவது பழுதன்று, கீசர் மூச்சுவிடுவதாகும். எந்நேரமும் ஒழுகினால் மாத்திரமே வால்வை மாற்றுதல் வேண்டும். வால்வும் அடைபட்டு, சூட்டைக் கட்டுப்படுத்தும் தேமோஸ்ற்றற்றும் பழுதாகிவிட்டால், தண்ணீர் 100 பாகையைக் கடந்தும் அமுக்கத்தால் கொதிக்காமல் அடங்கி நிற்கும். தொட்டி பிளந்த கணமே அதில் ஒரு பகுதி நீராவியாகிவிடும். நீராவியின் கனவளவோ தண்ணீரைப்போல் 1,600 மடங்குக்கும் மேல். அதனைக் குண்டு என்று சொல்வது மிகையாகாது.

அன்றுமுதல் நாம் கைக்கொண்டுவரும் ஒழுங்கை வாசகர்களுக்கும் சொல்லிவைக்கிறோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, தண்ணீர் ஆறியபின் காப்பு வால்வின் சிறு பிடியை உயர்த்திப் பார்க்கிறோம். தண்ணீர் தாராளமாக வந்தால் வழி திறந்திருக்கிறது என்று பொருள். தொட்டியின் அடியில் தங்கும் மண்டியையும் அப்போதே வடித்துவிடுகிறோம்.

தொட்டிக்குள்ளே மக்னீசியக் கோலொன்று உண்டு. தொட்டியின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேய்வதே அதன் தொழில். கப்பல்களின் செப்புத் தகட்டை இம்முறையால் காக்கலாமென்று ஹம்ஃப்ரி டேவி 1824இல் காட்டினார். ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை கோலைக் கழற்றிப் பார்த்து, மெலிந்திருந்தால் மாற்றுவது தொட்டியின் ஆயுளை நீட்டும்.

கொழும்புக் குழாய்களில் வரும் களனி கங்கை, லபுகம, கலட்டுவாவைத் தண்ணீர் மென்னீர். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரோ சுண்ணாம்புப் பாறையில் ஊறிய வன்னீர். சூடேறும்போது அது சுண்ணாம்பை உதிர்த்து, சூடாக்கும் கம்பியின்மேல் ஓடுபோலப் படியவைக்கும். கேத்தலின் உட்புறத்தில் வெண்படலம் காணும் ஊரவர்கள் கீசரையும் அடிக்கடி துப்புரவாக்குதல் நன்று.

சூட்டைக் குறைத்து வைத்தால் சிக்கனமன்றோ என்று சிலர் கேட்கலாம். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகர விடுதியொன்றில் கூடிய முன்னாட் போர்வீரர்கள் பலரைப் பலிகொண்ட லீஜனெல்லா என்னும் கிருமி, 20 முதல் 45 பாகை வரையுள்ள தேங்கிய நீரில் பெருகும். 60 பாகையில் மடியும். ஆதலால் கீசரின் தண்ணீரை 60 பாகையில் வைப்பதே தகும். செல்வந்தர் வீடுகளில் அமர்ந்து நீராடும் வெந்நீர்த் தொட்டியை 40 பாகைக்கு மேல் சூடாக்க இயலாது. எனவே அங்கே குளோரீனும், இடையறாத வடிகட்டலும் இன்றியமையாதன.

60 பாகைத் தண்ணீர் ஐந்தாறு விநாடிகளிலேயே தோலை அவித்துவிடும். பிள்ளைகள் உள்ள வீட்டில் வாளியில் முதலில் தண்ணீரும் பின்னரே வெந்நீரும் விடுதல் வேண்டும். 30 மில்லிஅம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ட்ரிப் சுவிட்சின் சோதனைப் பொத்தானை மாதமொருமுறை அழுத்திப் பார்த்தல் வேண்டும். மின்கம்பி வேலையை மாத்திரம் அதில் தேர்ந்தவரிடமே விடுக.

இப்போது பெரியம்மா வால்வின் கீழே சிறு வாளியொன்று வைத்திருக்கிறார். அதில் சேரும் தண்ணீரை ஆறவைத்து, பல்கணியிலுள்ள துளசிக்கு வார்க்கிறார். ஒருநாள் வாளி வெறுமையாக இருந்தால் உடனே எம்மை அழைத்து, "தம்பி, இன்றைக்கு இது சொட்டவில்லையே, ஏன்?" என்று விசாரிக்கிறார். அன்று சொட்டியதற்காக அஞ்சினோம். இன்று சொட்டாவிட்டால் எழுந்துபோய்ப் பார்க்கிறோம்.