கிரவல் அகழ்வை விரிவாக்குதல்: பிரதேச சபையின் அதிகாரம் எதுவரை?

மாணவர்களே, "ஓர் ஊரில் கிரவல் அகழ்வை விரிவாக்க அனுமதி வழங்குவது யார்?" என்ற வினாவிற்குப் பலர் சற்றும் யோசியாது "பிரதேச சபை" என எழுதிவிடுகின்றனர். இது பிழையான விடையாகும். பிழை எங்கே நேர்கின்றது என்பதை விளங்கிக்கொள்ள, பாசிக்குடாவை உள்ளடக்கிய கோறளைப்பற்றுப் பிரதேசத்தை உதாரணமாகக் கொள்வோம்.

2009இல் யுத்தம் முடிவுற்ற பின்னர் இப்பகுதியில் வீதிகள் திருத்தப்பட்டன. பாசிக்குடாக் கடற்கரையில் உல்லாச விடுதிகள் எழுந்தன. வீதிக்கு அடித்தளமிடவும் தாழ்நிலத்தை நிரப்பவும் கிரவல் தேவை. அதனைக் கியூப் கணக்கில் டிப்பர்களில் ஏற்றுவர் (1 கியூப் = 100 கன அடி). தேவை கூடும்போது பழைய குழியை அகலமாக்குவதே உரிமையாளருக்கு இலகுவான வழி.

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி சுரங்கங்களும் கனிப்பொருள்களும் மத்திய அரசுக்கு ஒதுக்கப்பட்ட விடயங்களாகும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டம் கனிப்பொருள்களின் உரித்தை அரசிடம் ஒப்படைத்துள்ளது. எனவே காணி தனியாருடையதாயினும் அதிலுள்ள கிரவலை விரும்பியவாறு அகழ முடியாது. அகழ்வு அனுமதிப்பத்திரத்தை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகமாகும். அரச காணியாயின் பிரதேச செயலாளரின் சம்மதமும் வேண்டும். பிரதேச செயலாளர் வேறு, பிரதேச சபைத் தவிசாளர் வேறு, இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முன்னவர் அரச உத்தியோகத்தர், பின்னவர் மக்கள் பிரதிநிதி.

அப்படியாயின் சபை எதற்காக இதைப்பற்றி விவாதிக்கின்றது? 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றைச் சபையிடம் கையளித்துள்ளது. டிப்பர் ஓடிச் சிதைவது சபையின் வீதி. மாரியில் குழியில் நீர் தேங்கி நுளம்பு பெருகினால் அது பொதுச் சுகாதாரப் பிரச்சினை. கைவிடப்பட்ட குழியில் பிள்ளையோ மாடோ விழுந்தாலும் ஊரவர் முதலில் தேடிப்போவது தம் வட்டார உறுப்பினரையே. மறுபுறம் அதே உறுப்பினரிடம்தான் வேலை கேட்டு இளைஞரும், உள்வீதிக்குக் கிரவல் கேட்டு அயலவரும் வருவர். ஆகவே சபையில் ஒருமித்த குரல் எழாதது இயல்பே. சபையின் தீர்மானம் பணியகத்தைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் எழுத்திலுள்ள ஆட்சேபனை பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் பின்னர் நீதிமன்றிலும் எடுத்துக்காட்டத்தக்க ஆவணமாகும்.

இனி "விரிவாக்கம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒருவர் 8 ஹெக்டேயரில் அகழ்கிறார், மேலும் 3 ஹெக்டேயர் கேட்கிறார் என வைத்துக்கொள்வோம். 3 ஹெக்டேயர் சிறிதாகவே தோன்றும். ஆனால் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வெளியான வர்த்தமானி அறிவித்தல், மேற்பரப்பு அகழ்வு மொத்தமாக 10 ஹெக்டேயரைத் தாண்டும்போது அதனை முன்னங்கீகாரம் பெறவேண்டிய கருத்திட்டமாக்குகின்றது. 8உம் 3உம் சேர்ந்தால் 11. சுற்றாடல் தாக்க மதிப்பீடு கோரப்பட்டால் அவ்வறிக்கை 30 நாட்கள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். எவரும் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம். சபை விழிப்பாக இருக்கவேண்டிய இடம் இதுவே. சிறுசிறு துண்டுகளாக விண்ணப்பங்கள் வரும்போது கூட்டிப் பார்ப்பவர் இல்லாவிடின் எல்லை தாண்டப்பட்டது வெளியே தெரியாது.

பாசிக்குடா போன்ற இடத்தில் மேலுமொரு எல்லை உண்டு. உயர்நீர்க் குறியிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை கரையோர வலயமாகும். கடலுடன் தொடர்புள்ள வாவி, ஆற்று முகங்களில் இவ்வலயம் 2 கிலோமீற்றர் வரை உட்செல்லும். அங்கே கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவை.

2019 டிசம்பரில் மணல், மண், களி ஆகியவற்றைக் கொண்டுசெல்வதற்கான அனுமதிப்பத்திர முறையை அமைச்சரவை நீக்கியது. அப்போதும் அகழ்வதற்கான அனுமதிப்பத்திரம் நீக்கப்படவில்லை. வினாத்தாளில் "அகழ்தல்", "கொண்டுசெல்லல்" எனும் சொற்களுள் எது உள்ளது என வாசித்தபின் விடையெழுதுக. அதேபோல 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, 2025 மே மாதத் தேர்தலின் பின் புதிய சபைகள் கூடும்வரை செயலாளர்களே அவற்றை நிருவகித்தனர். அக்காலத்தில் ஊரவரின் ஆட்சேபனையைச் சபையில் எழுப்பத் தெரிவான உறுப்பினர் எவரும் இருக்கவில்லை.

பயிற்சி வினா: உமது ஊரிலுள்ள 9 ஹெக்டேயர் கிரவல் குழியை மேலும் 2 ஹெக்டேயரால் விரிவாக்க விண்ணப்பிக்கப்பட்டுள்ளது. பிரதேச சபை உறுப்பினர் என்ற வகையில் நீர் சபையில் எழுப்பக்கூடிய மூன்று விடயங்களைக் காரணங்களுடன் விளக்குக. ஒவ்வொன்றும் எந்த நிறுவனத்துக்கு எழுதப்பட வேண்டும் எனவும் குறிப்பிடுக.