இயங்குதளத்தைப் புதுப்பித்த பின் தரவுத்தளம் திறக்கவில்லையா? பிழை எண்ணைக் கவனியுங்கள்

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றியதும், அதுவரை இயங்கிவந்த மென்பொருள்கள் தரவுத்தளத்தில் உள்நுழைய முடியாமல் நின்றுவிடுவதுண்டு. கடவுச்சொல் சரியாக இருந்தும் அனுமதி மறுக்கப்படுவது ஏன்?

இயங்குதளத்துடன் தரவுத்தள மென்பொருளும் புதிய பதிப்புக்கு மாறிவிடுவதே முக்கியக் காரணம். மைஎஸ்க்யூஎல் மென்பொருளில், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய 'நேட்டிவ் பாஸ்வேர்ட்' முறைக்குப் பதிலாக, 2018-ல் வெளியான 8.0 பதிப்பு 'கேச்சிங் ஷா-2' முறையை இயல்புநிலையாக்கியது. 2024-ல் வந்த 8.4 பதிப்பில் பழைய முறை முடக்கப்பட்டது, 9.0 பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டது.

பிழை எண்ணே சிக்கலை அடையாளம் காட்டும்.

* 2002: தரவுத்தள சேவை இயங்காமல் இருக்கலாம்.
* 1045: பயனர் பெயர், கடவுச்சொல் அல்லது இணையும் கணினிக்கான அனுமதி பொருந்தவில்லை.
* 1524: கணக்கு பயன்படுத்தும் சரிபார்ப்பு முறை செயல்பாட்டில் இல்லை.

8.4 பதிப்பில் 1524 தோன்றினால், அமைப்புக் கோப்பில் பழைய முறையைத் தற்காலிகமாக இயக்கி, சேவையை மறுதொடக்கம் செய்து, கணக்குகளைப் புதிய முறைக்கு மாற்ற வேண்டும். பிறகு பழைய முறையை மீண்டும் முடக்கலாம். மென்பொருளைத் தரவுத்தளத்துடன் இணைக்கும் டிரைவர் பழையதாக இருந்தால், அதையும் புதுப்பிக்க வேண்டும்.

பதற்றத்தில் தரவுக் கோப்புறையை அழித்து மறுநிறுவல் செய்தால், உள்நுழைவுச் சிக்கல் தரவு இழப்பாக முடியும். எனவே, புதுப்பிக்கும் முன்பே காப்புநகல் எடுத்து, பழைய முறையில் உள்ள கணக்குகளைக் கண்டறிந்து மாற்றிவிடுவது பாதுகாப்பானது.